தகட்டின் மேல் சந்தனம்

என் வேனைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். டீசல் புகை, தடதடப்பு, கதவை அறைந்து சாத்த வேண்டியது எல்லாம் எனக்கே தெரியும். திட்டுவதானால் நான் திட்டுவேன், ஊருக்கு என்ன வந்தது? முதலியார்பேட்டையில் மில் மூடியபோது கையில் வந்த பணத்தில் வாங்கியது. அதில் ஆள் ஏற்றித்தான் குடும்பம் நிமிர்ந்தது. இப்போது சவாரிக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் நானும் மனைவியும் பிள்ளைச்சாவடிக்குப் போய் மீன் வாங்கி வருவோம். எனக்கு அந்தச் சுகம் போதும்.

போன மழைக்கு முன்னால் வாட்டர் பம்ப் ஒழுக ஆரம்பித்தது. தண்ணீர் நிற்காவிட்டால் இன்ஜின் கொதித்துப்போகும், வண்டி வாசலோடு சரி. டவுன் கடையில் அந்தப் பம்ப் கைவசம் இல்லை. ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து மாடலும் வருஷமும் சொன்னேன், சென்னையிலிருந்து வரவழைத்தார்கள். தெரு மெக்கானிக் அதை வைத்துப் பார்த்தார். போல்ட் ஓட்டை ஒன்றுகூடச் சேரவில்லை.

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, ஆயுத பூசைக்குள்ள ஓடலன்னா காயலாங்கடைக்குப் போட்டுடுங்க. வாசல அடச்சிக்கினு நிக்குது, கோலம் போட எடமில்ல."

"என்னையும் சேத்துப் போட்டுடு."

"உங்கள எவன் எடுப்பான்?"

சிரித்துவிட்டேன். ஆனாலும் அவள் சொன்னால் செய்கிறவள்.

அந்தக் கோபத்தையெல்லாம் கடைக்காரரிடம் போனில் காட்டினேன். அவர் அசரவில்லை. "சார், அந்த வருசத்துல மூணு வித இன்ஜின் வந்துச்சு. ஆர்.சி.ய வச்சிச் சொல்ல முடியாது. இன்ஜின் மேல ஒரு தகடு இருக்கும், அதுல இருக்குற நம்பரச் சொல்லுங்க" என்றார்.

பானெட்டைத் திறந்தோம். தகடு இருந்தது, நம்பரைத்தான் காணோம். ஆயுத பூஜைதோறும் என் மனைவி சந்தனமும் குங்குமமும் வைப்பது அந்தத் தகட்டின் மேல்தான். பழையதைத் துடைக்கவும் விடமாட்டாள், அதன் மேலேயே புதியது. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அடை மாதிரி காய்ந்து கிடந்தது. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"ஐயோ, கை வைக்காதீங்க தம்பி!" என்று உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "சாமிக்கு வச்சதப் போய் சொரண்டுவாங்களா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "வண்டிய எடைக்குப் போடலாம், பொட்ட மட்டும் அழிக்கக் கூடாதா? நல்லாருக்கே நியாயம்!"

தகட்டைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"எங்கப்பாவ கோரிமேட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டும்போயி, உசுரோட திரும்பக் கூட்டினு வந்த வண்டிங்க. அன்னைக்கு வச்ச பொட்டு அடியில இருக்குது."

காயலாங்கடை என்றவள் இவள்தானா!

பிறகு அவளே வெந்நீரும் பழந்துணியும் எடுத்து வந்தாள். தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஊற வைத்து ஊற வைத்துத் துடைத்தாள். நம்பர் தெரிந்ததும் மெக்கானிக் போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பினார். அடுத்து வந்த பம்ப் கச்சிதமாக உட்கார்ந்தது. சாவியைத் திருப்பினேன். அந்தத் தடதடப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி நிறுத்தியிருந்தேன். மனைவி பானெட்டைத் திறந்து, தகட்டுக்கு ஒரு விரல் தள்ளிச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் காயலாங்கடைக்காரர் தள்ளுவண்டியோடு வந்து நின்றார்.

"எடைக்குப் போடணும், பூசையன்னைக்கு வாங்கன்னு சொன்னீங்களேம்மா?"

அடிப்பாவி, சொல்லியே வைத்திருக்கிறாள்! நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குனிந்து, ஒழுகிப்போன பழைய பம்ப்பைச் சந்தனக் கையாலேயே எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இதத்தாங்க சொன்னேன்."