மூன்றாவது கை

என் வீட்டுக்காரருக்குப் பொறுமை என்ற ஒன்றே கிடையாது என்று கல்யாணமான புதிதில் நினைத்தேன். ரயில் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து வருகிறவர்களோடெல்லாம் மல்லுக்கு நிற்கிற மனிதர். "எங்க போகணும்? என்ன? காதுல விழல, திருப்பிச் சொல்லுங்க!" வீட்டிலும் அதே ஜன்னல்தான். நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். பொய் சொல்லக்கூடாது, நானும் மூன்று சொல்வேன்.

இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையையும் அந்தப் பச்சைக் காருக்கென்றே சேர்த்து வைத்திருந்தார். பிரிட்டனில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு, மடக்குகிற துணிக் கூரை. கூரையும் சீட் உறையும் நான் தைத்தவை. எஞ்சினில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் இரட்டைக் கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி குலுங்கும். அதற்கு அவர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறு முனையை வலது காதிலும் வைத்து, உள்ளே போகும் காற்றின் 'உஸ்' சத்தத்தைக் கேட்பார். முதலில் இதில், பிறகு அதில். இரண்டு உஸ்ஸும் ஒன்றாகும்வரை ஸ்க்ரூவைத் திருகுவார். ஒரு கையில் குழாய், ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர். வெளிச்சத்தம் நுழையாமல் இடது காதைப் பொத்த மூன்றாவது கை வேண்டுமே, அது நான். காதையும் பொத்தி என் வாயையும் மூடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து, அந்த இடது காதை முழுசாகக் கொண்டுபோய்விட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் நிம்மதிப்பட்டேன். ஆனால் மனிதர் மாறிப்போனார். காதில் விழாவிட்டால் 'என்ன' என்று கேட்க வெட்கம். "ஆமா ஆமா" என்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவார். வடக்கே போகிறவருக்குத் தெற்கே டிக்கெட் கொடுத்து, ஃபைல் அடுக்கும் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தார். வீட்டில் சண்டையே இல்லை. அந்தப் பாழாய்ப்போன அமைதியில் எனக்கு அழுகை அழுகையாக வந்தது. ஒருநாள் வேண்டுமென்றே, "இன்னிக்குச் சோத்துல மண்ணள்ளிப் போட்டிருக்கேன்" என்றேன். "ஆமா ஆமா, நல்லாருக்கு" என்றார்.

ரப்பர் குழாயை அவர் தொடவே இல்லை. கார் குலுங்கிக் குலுங்கி ஓடியது. அவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, மெக்கானிக் கடை வைத்திருக்கும் என் தம்பியிடம் நான்தான் வழி கேட்டேன். அவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய ஒற்றைக் கார்புரேட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, இதை மாட்டிட்டா ரெண்டையும் சமம் பண்ற தொல்லையே இல்ல. பழைய ஜோடியை ஒருத்தர் கேட்டிருக்கார், மத்தியானம் வந்து எடுத்துட்டுப் போயிடுவார்."

"ஆமா ஆமா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கேட்டுச் சொன்ன ஆமாவா, கேட்காமல் சொன்ன ஆமாவா? தம்பி ஸ்பேனரை எடுத்தான். ஜோடி கைவிட்டுப் போனால் இவர் இனி எதையும் காது கொடுத்துக் கேட்கப்போவதில்லை, தலையாட்டியே காலத்தை ஓட்டிவிடுவார் என்று தோன்றியது.

"டேய், நில்லுடா!" என்றேன். அவருடைய வலப்பக்கம் போய் நின்றேன். "ஏங்க, உங்களுக்கு எது வேணும்? ஒண்ணா, ரெண்டா? மறுபடியும் ஆமான்னு சொன்னீங்க, நடக்கிறதே வேற!"

அவர் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டுதான் வேணும். ஆனா என்னால கேக்க முடியுமான்னு பயமா இருக்கு."

ஆறு மாதமாக மனசுக்குள் பூட்டி வைத்திருந்தது அதுதான்.

"கேட்டுத்தான் பாருங்களேன். முடியலேன்னா இவன் கொண்டுவந்தது எங்க ஓடிடப்போகுது?" குழாயைக் கையில் திணித்தேன்.

தம்பி எஞ்சினைக் கிளப்பினான். அவர் குனிந்து குழாயை வலது காதில் வைத்தார். பழக்கதோஷம், நான் போய் இடது காதைப் பொத்தினேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"ஏய், அதை எதுக்குப் பொத்துற? அது ஏற்கெனவே பொத்திக்கிட்டுத்தானே இருக்கு!"

சிரித்த சிரிப்பில் ஸ்க்ரூ டிரைவர் கைநழுவி விழுந்தது. எனக்கும் சிரிப்பு பீறிட்டது.

"மாமா, இனிமே ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விடவும் முடியாது. அக்கா பேசுறதெல்லாம் உள்ளேயே தங்கிடும்!" என்று தம்பி கத்தினான்.

"வாயை மூடுடா மச்சான், கேக்க விடு."

இதில் கேட்டார், அதில் கேட்டார். கால் திருகு, அரைத் திருகு. வண்டியின் குலுக்கல் அடங்கியது. தடதடத்துக்கொண்டிருந்த கதவும் சும்மா இருந்தது. தம்பி காற்று அளக்கும் மீட்டரை இரண்டிலும் வைத்துப் பார்த்தான்.

"என்ன மாமா இது, மயிரிழைகூட வித்தியாசம் இல்ல!"

"முன்னாடி இவ விரலிடுக்குல கொஞ்சம் சத்தம் கசியும். இப்ப சுத்தமா இருக்கு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. தம்பி ஒற்றையைத் தூக்கிக்கொண்டு, ஜோடியைக் கேட்டவருக்குப் போன் போட்டு இல்லையென்றான்.

கூரையை மடக்கிவிட்டுக் கிளம்பினோம். நான் அவருக்கு இடப்பக்கம். நேர்ச்சாலை வந்ததும் மனிதர் காரை விரட்டினார். என் முந்தானை ஒரு பக்கம், தலைமுடி ஒரு பக்கம்.

"மெதுவாப் போங்க!" என்றேன். தலையாட்டுவார் என்று நினைத்தேன்.

"என்ன? அந்தப் பக்கம் கேக்காது, திருப்பிச் சொல்லு!"

ஆறு மாதமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தானே ஏங்கிக் கிடந்தேன்?

"மெதுவாப் போங்கன்னு சொன்னேன்!" என்று சாலையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"மாட்டேன்" என்றார்.