ஐம்பத்தொன்பது ராடு ஆழம்

குழியைச் சுற்றிக் குவிகிற கல்தூளில் ஒரு சிட்டிகை எடுத்து, அழகுமலை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பான். துப்பிவிட்டு, "நானூறு அடி தாண்டிருச்சு, இனிமே கருங்கல்லு" என்பான். கம்ப்ரசர் போடுகிற கூச்சலில் அது யார் காதிலும் விழாது. அதற்காக அவன் சொல்லாமல் விட்டதும் கிடையாது.

வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் போர் போடும் லாரியில் இருபத்திரண்டு வருடமாக அவன்தான் டிரில்லர். ஒல்லி ஆள், கட்டைக்குரல். காது பாதி மந்தம் என்பதால் பக்கத்தில் நிற்பவரிடமும் எதிர்மலைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவான். எதையும் ராடு கணக்கில்தான் அளப்பான். குழிக்குள் இறக்குகிற இரும்பு ராடு ஒன்று இருபது அடி. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் நாற்பது ராடு, மகள் படிக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடம் நூற்றிருபது. டீக்கடையில் யாராவது உலக விஷயம் பேச ஆரம்பித்தால் போதும். "மேல இருக்கறத எல்லாவனும் பாப்பான். பூமிக்கு அடிய பாத்தவன் நாந்தேன்" என்று ஒரே போடு.

இந்த மாசியில் ஒரு தோட்டத்தில் எவ்வளவு இறக்கியும் தண்ணீரைக் காணோம். தோட்டக்காரர் "இன்னும் போ, இன்னும் போ" என்று மேலே நின்று விரட்டினார். ஐம்பத்தொன்பதாவது ராடு இறங்கி முடிகிற நேரம், அடியிலிருந்து 'டொம்' என்று ஒரு சத்தம். அழகுமலையின் மந்தக் காதுக்கே கேட்டது. அடுத்த நொடி லாரி தள்ளாடியது. காற்றே இல்லாமல் ஏலச்செடிகள் ஆடின. ஆறேழு நொடிதான். லீவரைப் பிடித்த கையை எடுக்கவும் மறந்து அவன் நின்றான். எதையோ குத்தக்கூடாததைக் குத்திவிட்டோம் என்றே அவனுக்குப் பட்டது.

சரிவுக்குக் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயம். காற்றில் பறந்துவிடாமல் இருக்கத் தகரக் கூரைகளின் மேல் கல் தூக்கி வைத்திருப்பார்கள். அதில் ஒன்று உருண்டு, வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த வேலுத்தாயின் வலது பாதத்தில் விழுந்தது. காய் எடுப்பதில் அந்தத் தோட்டத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பாதத்தில் இரண்டு இடத்தில் முறிவு. இனி சரிவில் ஏறி இறங்க முடியுமோ என்னவோ. ஜீப்பில் தூக்கி ஏற்றும்போது அவள் மேட்டில் நின்ற லாரியைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏலே அழகு! பூமாதேவி வயித்துல ஓட்டையப் போட்டியே, நீ வெளங்குவியாலே?"

நில அதிர்வு என்று டிவியில் சொன்னார்கள். ஆனால் லயம் முழுக்க வேலுத்தாய் கட்சி. அழகுமலையும் அதே கட்சிதான், அதுதான் கொடுமை. ராடு இறங்கின நேரமும் பூமி ஆடின நேரமும் ஒன்று, வேறு என்ன சாட்சி வேண்டும்? லாரிப் பக்கமே போகாமல் வீட்டில் முடங்கினான். ஓனர் போன் செய்தால், "எங்கையால ஒரு பொம்பள கால் போச்சு. அது என் தப்பில்லன்னு தெரியாம ராடத் தொடமாட்டேன்" என்றான். பதினோரு நாள் அப்படியே போனது. வாசலில் நடக்கும்போதுகூட மெல்ல மெல்லப் பாதம் வைத்தான்.

பன்னிரண்டாம் நாள் காலை, ஏழாம் வகுப்பு படிக்கிற மகள் வினோ பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். "கண்டங்களில் புவி மேலோட்டின் சராசரித் தடிமன் முப்பத்தைந்து கிலோமீட்டர்…"

"நில்லு தாயி. எத்தன?"

"முப்பத்தஞ்சுப்பா. குமுளில பஸ் ஏறி, மலையிறங்கி, கம்பம் தாண்டிப் போற தூரம். அத அப்படியே கீழ்நோக்கிப் பாத்துக்க. அதுவும் மேல்தோல்தான். அதுக்கடியில கவசம், ரெண்டாயிரத்துத் தொளாயிரம் கிலோமீட்டரு. அப்புறந்தான் கருவம்."

"ராடு கணக்குல சொல்லு."

வினோ போனில் தட்டிப் பார்த்தாள். "மேல்தோலுக்கு மட்டும் ஐயாயிரத்து எழுநூத்துச் சொச்சம் ராடு."

அழகுமலையின் லாரியில் மொத்தமே அறுபது ராடுதான் உண்டு.

அவள் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஸ்கேல் வைத்து முப்பத்தைந்து சென்டிமீட்டருக்கு நீளமாக ஒரு கோடு கிழித்தாள். "இது மேலோடு." அதன் உச்சியில் பென்சிலால் ஒரு சின்னக் கீறல். "இது ஒன்னோட போரு." அரிசி நீளம்கூட இல்லை.

"அப்ப ஆட்டுனது யாரு?"

"யாரும் இல்லப்பா. மேலோடு துண்டு துண்டாத் தட்டு மாதிரி இருக்கு. உள்ள இருக்கற சூட்டுல அது நகருது. நம்ம தட்டு வடக்க போயிட்டே இருக்கு, வருசத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர். அந்த நெருக்கத்துல எங்கயாச்சும் பழைய பாறை விரிசல் லேசா வழுக்கினா மேல ஆடும். அது பல கிலோமீட்டர் ஆழத்துல நடக்கறது. ஒன்னோட ராடு அங்க எட்டவே எட்டாது."

"இப்பவும் போவுதா?"

"இப்பவும்."

தப்பு தன்னுடையது இல்லை என்று அவன் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் பூமிக்கு அடியைப் பார்த்ததாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது அந்தக் கீறலுக்குள் அடங்கிக் கிடந்தது. வெட்கத்தில் காது மடல் சுட்டது. தாளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு லயத்துக்கு நடந்தான்.

வேலுத்தாய் மாவுக்கட்டுக் காலைக் கட்டிலில் நீட்டி, மற்றதைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் தாளை விரித்து, கோட்டைக் காட்டி, கீறலைக் காட்டி, தட்டு நகர்வதை வினோ சொன்னபடியே ஒன்று விடாமல் ஒப்பித்தான். முதன்முறையாக மெதுவான குரலில் பேசினான். அவள் கீறலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒன் ராடு இல்லியா?"

"இல்லக்கா."

"சாமி குத்தமும் இல்லியா?"

"அதுவும் இல்லயாம்."

"அப்ப நான் யார வையிறது?"

"வேணும்னா என்னையவே வையி. பழகிருச்சு" என்றான்.

அவள் வையவில்லை. சாணம் மெழுகிய தரையைக் குனிந்து பார்த்தாள். "இப்பவும் பூமி போய்க்கிட்டா இருக்கு?" என்றாள்.

"இப்பவுந்தேன்."

வேலுத்தாய் ஊன்றியிருந்த நல்ல காலை மெல்லத் தூக்கிக் கட்டிலின்மேல் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் நகர்ந்து, அவனுக்கும் இடம் விட்டாள். அழகுமலை செருப்பை உதறிவிட்டு ஏறி, இரண்டு காலையும் மடக்கி உட்கார்ந்தான்.