இருபதாவது ஆள்

"பதினெட்டு, பத்தொன்பது..." என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தவர், அடுத்து நுழைந்த பெண்ணின் தோளைத் தொட்டு நிறுத்தினார். "பகல்ல பாத்துக்க ஆளில்லாத சின்னக் கொழந்த உங்க வீட்ல இருக்காம்மா?" இல்லை என்று தலையாட்டல். இடது பையில் ஒரு வெள்ளைப் பொத்தான் விழுந்தது. ஆம் என்றிருந்தால் வலது பையில் சிவப்பு. மறுபடியும் ஒன்று, இரண்டு.

இவர் எங்கள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் தைப்பவர். எல்லோருக்கும் பொத்தான் அக்கா. வாசலில் வருகைப் பதிவு பார்க்கும் எனக்கும் அக்காதான், கொஞ்சம் பயத்தோடு. பெட்டியில் நூறு சட்டை இருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்தை உருவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பெட்டில இருபது சட்டையாவது பிசகியிருக்கும்" என்பார். பெரும்பாலும் அப்படியே இருக்கும். மேற்பார்வையாளருக்கு இவரைக் கண்டாலே ஆகாது.

அக்காவின் தங்கையும் இங்கேதான் வேலை செய்கிறாள். அவளுடைய ஒன்றரை வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறார்கள். அதற்குள் இங்கே ஒரு குழந்தைகள் அறை திறக்காவிட்டால் அவள் வேலையை விட்டாக வேண்டும். "நூறு பேருக்காவது தேவைன்னு காட்டுங்க, தொறக்கிறேன்" என்றார் மேனேஜர்.

அக்கா தன் பிரிவில் முப்பது பேரைக் கேட்டார். பன்னிரண்டு பேர் ஆம் என்றார்கள். "முப்பதுக்குப் பன்னெண்டுன்னா, மொத்தம் இருக்கிற ஆயிரத்து எரநூறு பேருக்கு நானூத்தி எம்பது சார்."

மேனேஜர் சிரித்துவிட்டார். "உக்காந்து செய்யிற வேலைன்னு பிள்ள பெத்தவங்களத்தானே உங்க பிரிவுல போட்டிருக்கோம். உங்க ஆளுங்களையே கேட்டா அப்படித்தாம்மா வரும்."

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். "அந்தாளு சொல்றதுலயும் ஞாயம் இருக்கு" என்றார். மறுநாள் காலையே வாசலுக்கு வந்துவிட்டார். உள்ளே வருபவர்களில் இருபதுக்கு ஒருவர், ஆணோ பெண்ணோ, மொத்தம் அறுபது பேர். ஒரு சிவப்பு இருபது பேருக்குச் சமம்; ஐந்து விழுந்தால் நூறு. மூன்று வருடமாகப் பேச்சில்லாத நாத்தனார் இருபதாவதாக வந்தபோது, அவரையும் நிறுத்திக் கேட்டார். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு இல்லை என்றார். வெள்ளை விழுந்தது.

ஐம்பத்தொன்பது பேர் முடிந்தபோது சிவப்பு நான்கு. மணி அடிக்க இரண்டே நிமிடம். பிள்ளையை விட்டுவிட்டு எப்போதும் கடைசியில் ஓடிவரும் தங்கை அன்றும் ஓடிவந்தாள். நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அவள் பத்தொன்பதாவது.

எனக்குப் பொறுக்கவில்லை. "இவளையே எண்ணிக்கங்கக்கா. ஒரு ஆளு முன்னப் பின்னதானே, யாருக்குத் தெரியப் போவுது?"

"இவள எண்ணினா மேனேஜர் சொன்னதுதான் சரின்னு ஆயிடும் தம்பி."

தங்கை ஒரு நொடி நின்றாள். அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல், உள்ளே போ என்று கையசைத்தார். பிறகு, பின்னால் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்த இஸ்திரிப் பிரிவுக்காரருக்கு எதிரே போய் நின்றார், ஒரு கையில் சிவப்பு, மறு கையில் வெள்ளை.