முதல் பக்கத்தில் இருந்த என் படம்

மங்கலம் ரோட்டில் முள்காடாகக் கிடந்த இடத்தில் நிட்டிங் ஷெட் போட்டவன் நான். “படிப்பு என்ன?” என்று கேட்டு பேங்க் மேனேஜர் உதட்டைப் பிதுக்கிய பிறகும் தையல் யூனிட் ஆரம்பித்தவன் நான். ஓவர்லாக் டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை பார்த்தவன், ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாமல், பனியனை இழுத்து இழுத்துக் காட்டியே வெளிநாட்டு பையரிடம் ஆர்டர் பிடித்தேன் என்றால் இன்றைக்கும் நம்பாதவர்கள் ஊரில் உண்டு. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இத்தனையும் செய்த எனக்கு இந்த வாரம் நடந்தது மட்டும் முழுசாகப் பிடிபடவில்லை.

புது பையர் ஒருவர் திங்கட்கிழமை கம்பெனி பார்க்க வருகிறார். ஆர்டர் வேலையெல்லாம் இப்போது மருமகள் கையில். கம்பெனி வளர்ந்த கதையைத் திரையில் காட்ட வேண்டும், பழைய பிரசன்டேஷன் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லாமல் இருக்குமா? பீரோவில் பட்டு வேட்டிக்கு நடுவில் சிடியை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டரில் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்யவைத்தது அது. முதல் பக்கத்தில் இரண்டு படம். ஒன்று நான், பின்னல் மெஷின்மேல் கை வைத்தபடி. இன்னொன்று மச்சான், என் மனைவியின் அண்ணன், கம்பெனிக்குப் பணம் போட்ட பங்குதாரர். அவர் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதினார்கள். எனக்குத் தமிழில்தான் வேண்டும் என்று நின்றேன். என்னைப் பற்றி எழுதியதை என்னால் படிக்க முடியாவிட்டால் எப்படிச் சரிபார்ப்பது?

இப்போதைய லேப்டாப்பில் சிடி போட வாயே இல்லையாம். பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து மெயிலில் வாங்கித் திறந்தாள். உடனே மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்து, இது வெளியிலிருந்து வந்த ஃபைல், ஜாக்கிரதை என்றது. என் கம்பெனி, என் பீரோ. எது வெளி?

அதைத் தாண்டியதும் மச்சான் வந்தார். மீசைகூட அப்படியே. நான் நின்ற இடத்தில் வெறும் கட்டமும், மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறியும். என் தமிழ் வரி இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக, கோழி கிளறியது போல.

“அம்மிணி, நானெங்க போயிட்டேன்?”

“ஃபைல்ல இவ்வளவுதானுங்க மாமா வருது. பழசப் புதுசுல தொறந்தா கொஞ்சம் கலைஞ்சு போகுமுங்க.”

“கலைஞ்சா ரெண்டு பேரும்ல கலையோணும்? மச்சான் மட்டும் எப்படி அங்கயே உக்காந்திருக்காரு?”

அந்த நேரம் பார்த்து மச்சானே காபிக்கு வந்து சேர்ந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“ஏனுங்க மாப்ள, யாரு மொதலாளின்னு கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சு போச்சாட்ட இருக்குதே!”

“அதுக்குப் பணம் போட்டவனத்தானுங்க மச்சான் தெரியும். பாடுபட்டவன எங்க தெரியப் போவுது?”

அவர் சிரித்தார். எனக்கு வரவில்லை. இதையே பையர் பார்த்தால், இந்தக் கம்பெனியை ஒருத்தர் கட்டினார், அது நான் இல்லை என்றல்லவா ஆகும்?

மருமகள் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “உங்க படம் ஃபைலுக்குள்ளயே இல்லீங்க மாமா. அன்னைக்கு இதச் செஞ்ச டிடிபி கடைக் கம்ப்யூட்டர்ல இருந்திருக்குது. இதுல அது இருக்கற எடம் மட்டுந்தான் குறிச்சிருக்குது.”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மச்சான் ஒரே ஒரு பாஸ்போர்ட் படத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் கோட் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருந்தேன். மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று கடைக்காரர் என் படத்தைத் தனியாக வைத்திருக்கிறார். பனியனுக்குக் கழுத்தில் வைத்துத் தைக்கும் ரிப் துணி தனியாகத்தான் வரும். அதைச் சாயப்பட்டறையில் விட்டுவிட்டு உடம்புத் துணியை மட்டும் தையலுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அதேதான் ஆகியிருக்கிறது. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணி விற்கிறார்கள்.

சரி, படம் புரிந்தது. தமிழ் வரி? எழுத்து உள்ளேயே இருக்கிறதாம், அதைக் காட்டும் ஃபான்ட்தான் இந்த லேப்டாப்பில் இல்லையாம். எழுத்து இருக்கும், உருவம் இருக்காது என்றால் அது என்ன கணக்கு? மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் தலையாட்டினேன்.

கடைசியில் ஷெட்டுக்குக் கூட்டிப்போய், புது மெஷின் பக்கத்தில் நிறுத்திச் செல்லில் படம் எடுத்து அந்தக் கட்டத்தில் போட்டாள். கருமீசை மச்சானுக்குப் பக்கத்தில் நரைத்த தலையோடு நான்.

“எனக்கு அப்பனாட்ட இருக்கீங்க மாப்ள!”

“உங்களுக்கு இல்லீங்க மச்சான். கம்பெனிக்கு.”

ஆனால் படத்துக்குக் கீழே மருமகள் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் அடித்திருக்கிறாள். நிறுவனர் என்று அர்த்தமாம். மச்சானுக்கும் அதே சொல்தான். அது போதாது. அன்றைக்கு நான் சொல்லி எழுதவைத்த வரி எனக்கு மனப்பாடம்: ‘இந்தக் கம்பெனியின் முதல் மெஷினை ஓட்டியவரும் முதல் ஆர்டரைப் பிடித்தவரும் இவரே.’ திங்கட்கிழமைக்குள் அந்த வரி என் படத்துக்குக் கீழே வர வேண்டும். தமிழ் மேலே, பையருக்கு வேண்டுமானால் ஆங்கிலம் அடியில். படம் ஃபைலுக்கு உள்ளேயே இருக்க வேண்டும். இனி எந்தப் புதுசில் இதைத் திறந்தாலும், மச்சான் வந்தால் நானும் வந்தாக வேண்டும்.