கடலைக் காட்டிய அம்பு

மடிக்கணினியை அரிசிச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் தீவின் வடக்கே இருக்கும் திக்லிபூர் பஜாரைத் தாண்டிவிட்டேன். வயல்கள் தொடங்கும் இடத்தில் மழை பிடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் வேலை பார்த்த போர்டுக் கடையின் மஞ்சள் ஷட்டர் தெரிந்திருக்கும். முதலாளி அதன் கீழே நின்று கூப்பிட்டிருப்பார். கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன். இருந்தாலும் அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்க விருப்பமில்லை.

நான் போய்க்கொண்டிருந்தது ஒரு கடலோரக் கிராமத்துக்கு. அங்கே நாலு கம்பங்களில் நான் வரைந்த போர்டுகள் நின்றன. கடல் உள்ளே வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்பவை. ஓடும் ஆள் ஒருவன், அவனுக்கு முன்னால் பெரிய அம்பு, கீழே மூன்று மொழிகளில் எழுத்து. அம்பு மேட்டைக் காட்ட வேண்டும். நாலிலும் அது கடலைக் காட்டியது.

நான் சௌல்தாரியில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். டிங்கி என்ற சிறு படகில் வலை இழுத்தேன். பாராடாங்கில் ஃபெர்ரிக்குக் காத்து நிற்கும் பஸ்களில் வேகவைத்த முட்டை விற்றேன். படகுகளுக்குப் பெயர் எழுதினேன். காய்ச்சலோடு திக்லிபூரில் இறங்கினேன். காய்ச்சல் போய்விட்டது, நான் போகவில்லை.

அங்கே அறையைப் பகிர்ந்துகொண்ட தெலுங்குக்காரர் வலைத்தளங்களுக்கு நிரல் எழுதுபவர். தான் ஒதுக்கிய பழைய மடிக்கணினியை எனக்குக் கொடுத்தார். எங்கள் இணையத்தில் பெரிய மென்பொருள் எதையும் இறக்க முடியாது. பாதியில் மின்சாரம் போகும், மறுபடி முதலிலிருந்து. மெயின்லேண்ட் போய்க் கப்பலில் திரும்பும்போது எல்லாவற்றையும் பென்டிரைவில் கொண்டுவந்தார். எல்லாம் திறந்த மூலம். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனிடம் சான்றிதழ் கேட்காத முதல் பொருள் அதுதான்.

அவற்றில் ஜிம்ப் என்ற மென்பொருள் புகைப்படத்துக்கு நல்லது. அதில் கோடு இழுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கையால் வரைய கிருதாதான். டிங்கி எஞ்சின் கைப்பிடி பிடித்துப் பிடித்து என் கையில் ஒரு நடுக்கம் உண்டு. கோட்டை நிதானமாக்கும் வசதி ஒன்று அதில் இருக்கிறது, நடுக்கத்தைக் குடித்துவிடும். ஆனால் பெரிய போர்டுக்கு அந்தப் படத்தை இழுத்தால் ஓரம் பிசிறும். அதற்கு இங்க்ஸ்கேப். தீப்பெட்டி அளவில் வரைந்ததைச் சுவர் அளவுக்கு இழுத்தாலும் கோடு கோடாகவே இருக்கும். அதனால் கிருதாவில் வரைவேன், இங்க்ஸ்கேப்பில் மேல்கோடு போட்டு முடிப்பேன்.

ஒரு நாள் என் படக் கோப்பை அறைத்தோழர் எழுத்தாகத் திறந்து காட்டினார். இங்க்ஸ்கேப் படம் உள்ளே முழுக்க வெறும் எழுத்தும் எண்ணும். அவர் தன் நிரலில் செய்த மாற்றங்களைப் பார்க்க மெல்ட் என்ற கருவியை வைத்திருந்தார். பழைய கோப்பு இடப்பக்கம், புதியது வலப்பக்கம், மாறிய வரிக்கு மட்டும் நிறம். கேடிஃப்3 என்று இன்னொன்று மூன்று கோப்புகளை ஒரே நேரத்தில் காட்டும். என் சிறிய திரையில் அது சந்தைக்கடை மாதிரி இருந்தது. மெல்ட் போதும் என்று வைத்துக்கொண்டேன். என் படங்களையும் அதில் போட்டுப் பார்ப்பேன், நேற்றைய அம்பும் இன்றைய அம்பும் எந்த வரியில் வேறு என்று. கிருதா கோப்பை அப்படிப் பார்க்க முடியாது, அது மூடிய பெட்டி.

முதலாளி மதுரைப் பக்கத்திலிருந்து வந்த காண்ட்ராக்டர். "என்னடா, ஓசி சாப்ட்வேர்ல வரைஞ்சா ஓசி மாதிரிதான் இருக்கும்" என்பார். கடையில் அவர் வைத்திருந்தது விலைக்கு விற்கும் மென்பொருள் ஒன்றின் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. "ஓசி எதுண்ணே, உங்களுதா என்னுதா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டார். அந்தத் திருட்டுப் பிரதி ஒரு நாள் திறக்கவே மறுத்தது. அதன்பின் கடைக் கணினியிலும் இங்க்ஸ்கேப் வந்தது.

வரைகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெகுநேரம் பார்த்த படத்தின் கோணல் கண்ணுக்குத் தெரியாது. கிருதாவில் ஒரு விசையைத் தட்டினால் திரை கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகும்; கோணல் பளிச்சென்று தெரியும். மறுபடி தட்டினால் பழையபடி. படத்துக்கு ஒன்றும் ஆகாது, பார்வை மட்டும்தான் திரும்பும். முதலாளி என் பின்னால் நின்று இதைப் பார்த்திருக்கிறார்.

கப்பலில் வந்த, போர்டு அச்சடிக்கும் வினைல் சுருள்களை எடுக்க நான் படகுத்துறை ஜெட்டிக்குப் போயிருந்த நேரத்தில், போர்டுக் கோப்பை அவர் திறந்தார். அடியில் கடைப் பெயர் சேர்ப்பது அவர் வழக்கம். சேர்த்துவிட்டு, என்னைப் போலவே கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஆனால் அது இங்க்ஸ்கேப். அங்கே திருப்பினால் பொருளே திரும்பும். ஆளும் அம்பும் ஒரே தொகுப்பு, இரண்டும் திரும்பின; எழுத்து தனியாக இருந்ததால் அப்படியே நின்றது. பார்வை மட்டும்தான் திரும்பியது என்று நினைத்து, திருப்தியோடு சேமித்து அச்சுக்கு அனுப்பிவிட்டார். அச்சாகிக் கிராமத்தில் மாட்டும்வரை யார் கண்ணிலும் படவில்லை.

நான் கடையை விட்ட அன்று காலை அந்தக் கிராமத்து வார்டு உறுப்பினர், ஒரு வங்காளி அம்மாள், போன் செய்தார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"பையா, தீர் தோ சமுந்தர் கீ தரஃப் ஹை! லோக் டூப்னே ஜாயேங்கே க்யா?"

அம்பு கடல் பக்கம் இருக்கிறது, ஜனங்கள் மூழ்கப் போவதா என்று கேட்டார்.

முதலாளி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் மடிக்கணினியைத் திறந்தேன். மெல்டில் இடப்பக்கம் நான் கொடுத்த கோப்பு, வலப்பக்கம் அச்சுக்குப் போனது. இரண்டே இடங்களில் நிறம். ஒன்று கடையின் பெயர். இன்னொன்று ஆளும் அம்பும் இருந்த தொகுப்பு; அதன் வரியில் புதிதாக ஒரு -1.

"இது என்னடா மைனஸ் ஒண்ணு?"

"இடம் வலமாயிருச்சுன்னு அர்த்தம்ணே."

"நான் கண்ணாடியில பார்க்கிற மாதிரி திருப்பிப் பார்க்கத்தானே செஞ்சேன்? உன்ன மாதிரிதானே?"

அவர் பொய் சொல்லவில்லை. அதை நான் அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். அதோடு விட்டிருந்தால் நான் இன்னும் அந்தக் கடையில் இருந்திருப்பேன்.

"சரி விடு. போர்டைப் பின்பக்கமாத் திருப்பி மாட்டச் சொல்லிடலாம். அம்பு தானா மேட்டைக் காட்டும்."

"அப்ப அந்த ஊர் ஜெட்டியிலேருந்து ஓடி வர்றவன் போர்டோட முதுகைத்தான் பார்ப்பான்."

"அப்படின்னா அடுத்த ஆர்டர்ல பார்த்துக்கலாம். கடல் என்ன, நாளைக்கேவா வரப்போகுது?"

"அது டெண்டர் பார்த்து வராதுண்ணே."

அவர் முகம் மாறியது. "இங்க பாரு. நீ தப்பா வரைஞ்சேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடு. படிக்காத பையன்னு விட்டுடுவாங்க. எனக்கு இந்தத் தீவுல இன்னும் பொழப்பு இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா?"

"ஓசி சாப்ட்வேரை வச்சுக்கிட்டு எங்கிட்டயே கோர்ட்டு நடத்துறியாடா?"

படிக்காதவன் என்பது உண்மை, அதற்கு நான் கோபப்படுவதில்லை. தப்பாக வரைந்தேன் என்பது உண்மையில்லை. ஒரு பொய்க்கு என் படிக்காத பெயரைக் கொடுத்துவிட்டு, அதைவிட மோசமாக, அந்த அம்புகளை அப்படியே நிற்கவிட எனக்கு மனம் வரவில்லை. சாக்கை எடுத்தேன்.

கிராமத்தை அடைந்தபோது சாயங்காலம். வார்டு அம்மாள் தன் முற்றத்தில், மழைக்கு ஒதுக்கிய பாக்கைக் கிளறிக்கொண்டிருந்தார். கடல் உள்ளே வந்த வருஷம் அந்த முற்றம்வரை உப்பாகிவிட்டதாம். நான் யார் என்று சொன்னேன். தவறு யாருடையது என்று கேட்டார்.

"கடையில் நடந்தது. என் கையால் இல்லை" என்று ஹிந்தியில் சொன்னேன்.

"தோ தும் க்யூன் ஆயே?" அப்படியானால் நீ எதற்கு வந்தாய் என்றார்.

"வரைந்தது நான்தானே."

ஏற இறங்கப் பார்த்தார். புதுப் போர்டுக்குப் பஞ்சாயத்தில் எழுதிப்போட்டு அது வர மாதங்கள் ஆகும் என்றார். கிணற்றுச் சுவருக்கு அடித்த வெள்ளைப் பெயிண்டும் டிங்கிக்கு அடித்த சிவப்பும் மிச்சம் இருக்கின்றன என்றார். பிறகு, மரம் ஏறத் தெரியுமா என்று கேட்டார். பாக்குப் பறிக்கும் ஆள் போர்ட் பிளேருக்குப் போய்த் திரும்பவில்லையாம். தெரியும் என்றேன். ராத்திரி பஸ் நிழற்குடையில் படுத்தேன். சாக்கு நனைந்திருந்தது, கணினி நனையவில்லை.

மறுநாள் காலை அவர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கூலி பேசுவதற்கு முன் மிளகு பறிக்கும் மூங்கில் ஏணியைக் கேட்டு வாங்கி, கம்பங்களுக்குப் போனேன். பழைய ஆளையும் அம்பையும் வெள்ளையால் மூடி, காய்ந்ததும் சிவப்பில் மறுபடி போட்டேன். கையின் நடுக்கத்தைக் குடிக்க இங்கே ஒன்றும் இல்லை. என் ஆளுக்கு ஒரு கால் கொஞ்சம் தடிமனாக வந்தது. ஆனாலும் மேட்டைப் பார்த்துத்தான் ஓடினான். ஒவ்வொன்றையும் முடித்துச் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று, ஜெட்டியிலிருந்து ஓடி வருபவன் கண்ணால் பார்த்தேன்.

நாலாவது காய்வதற்குள் தோட்டத்திலிருந்து அம்மாள் கத்தினார்.

"ஏ ஆர்ட்டிஸ்ட்! சுபாரி குத் நஹி உத்ரேகா!"

பாக்கு தானாக இறங்காது. ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.