பத்திரத்தில் அவர் விலாசம்

நாங்கள் குடியிருந்த வீட்டை எங்களுக்கே விற்பதாகப் பேச்சு முடிந்து பதினைந்தாம் நாள் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வரப்புத் தகராறு. பங்காளிக்கு வெட்டு விழுந்தது. இவர்தான் வெட்டினாரா என்று நான் கேட்கவில்லை. அதைக் கோர்ட்டில் கேட்பார்கள். புழல் சிறையில் வைத்தார்கள். ஜாமீன் இரண்டு முறை தள்ளிப்போனது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. அந்த வீட்டில் பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்தோம். இரண்டு அறை, சிமென்ட் ஷீட் கூரை. குளியலறை நான் கட்டியது. சுற்றி இருந்த நெல் நிலமெல்லாம் குடோன் ஆகிவிட்டது. பக்கத்துக் குடோன்காரர்கள் எங்கள் மனையையும் கேட்டார்கள். லாரி திரும்ப இடம் வேண்டுமாம்.

பத்திரம், பட்டா எல்லாம் வீட்டுக்காரர் பேரில். அவர் கையெழுத்து இல்லாமல் யாருக்கும் விற்க முடியாது. அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அண்ணி ஒரு நாள் வந்து வாசலில் நின்றபடியே சொன்னார். வக்கீலுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது, ஆடி முடியும்வரை உங்களுக்காகப் பார்க்கிறேன், ஆவணி பிறந்தால் குடோன்காரர்களுக்குத்தான் என்றார். ஆடியில் யாரும் பத்திரம் பதியமாட்டார்கள். குடோன்காரர்களும் ஆடி முடியத்தான் காத்திருந்தார்கள். எங்களுக்கு அந்த ஒரு மாதம்தான். என் மனைவி ஆடியில் வேண்டாம் என்றாள். ஆவணியில் வீடு இருக்காது என்றேன்.

பத்திரம் எழுதுபவர், பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டியதில்லை, முறைப்படி எழுதிக் கொடுத்தால் சார்பதிவாளரே சிறைக்கு வந்து கையெழுத்து வாங்குவார் என்றார். எனக்கு அது புதுச் செய்தி. வெள்ளைத்தாளில் ஒரு நகல் அடித்துக் கொடுத்து, வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டிவிட்டு வரச் சொன்னார்.

சிறையில் ஆளைப் பார்ப்பதற்கு மனு என்று பேர். நானும் அண்ணியும் மனு போட்டுப் போனோம். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர். எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் கத்தித்தான் படித்தேன். நான் எட்டாவதோடு நின்றவன். பத்திரத் தமிழ் மெதுவாகத்தான் வரும். 'புழல் மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருந்துவரும்' என்று வந்த இடத்தில் வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத்த இன்னொரு தபா படி."

படித்தேன்.

"இப்டி எழுதினா நான் கையெழுத்து போடமாட்டேன்."

"உள்ளதத்தானே எழுதிக்கீறாங்கண்ணே."

"கேஸு இன்னிக்கி கீது, நாளிக்கி பூடும். பத்திரம் பூடுமா? ஒனக்கப்புறம் எவன் வாங்கினாலும் என் பேரத்தான் படிப்பான். பேருக்குப் பக்கத்துல ஜெயிலா? எங்கப்பன் ஏரு ஓட்டின மண்ணு அது. ஊட்டு விலாசம் போட்டு எடுத்துகினு வா."

நேரம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள்.

பத்திரம் எழுதுபவர் முகத்தைச் சுளித்தார். உள்ளே இருப்பவருக்கு அதுதான் விலாசம், இத்தனை வருஷமாக அப்படித்தான் எழுதுகிறேன் என்றார். சிறை என்பதை எடுத்துவிட்டு வெறும் புழல் என்று போடட்டுமா என்று கேட்டார். எங்கள் பக்கம் புழல் என்றாலே அதுதான் என்றேன். ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்த ஒருவர் நடுவில் புகுந்தார்.

"என் மச்சான் புழல்ல சொந்தமா ஊடு கட்டிகினு கீறான். பொண்ணு பாக்கப் போனா எந்த பிளாக்குனு கேக்குறாங்க."

பத்திரம் எழுதுபவரும் சிரித்துவிட்டார். ஊர் விலாசத்தைப் போட்டு அடித்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார். முன்பக்கம் எழுதுவதுதான் தன் கையில் இருக்கிறது. பின்பக்கத்தில் சார்பதிவாளர், சிறைக்கு நேரில் போய்க் கையெழுத்து வாங்கியதாகத் தன் கையால் எழுதுவார். அதை யாரும் மாற்ற முடியாது.

அடுத்த மனுவில் ஊர் விலாசம் போட்டாயிற்று என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். தலையாட்டினார். பின்பக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அண்ணியிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுப்பார். மறுபடி பேசி முடிப்பதற்குள் ஆவணி பிறந்துவிடும்.

ஆடி கடைசி வாரம் சார்பதிவாளர் வந்தார். சிறைக்குள் ஓர் ஆபீஸ் அறையில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்காரர் குளித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முதல் பக்கத்தை வரிக்குக் கீழே விரல் வைத்துப் படித்தார். தன் ஊர்ப் பேர் வந்ததும் விரல் கொஞ்சம் நின்றது. எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டார். சார்பதிவாளர் தாளைத் திருப்பி எழுதினார். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினார். அதில் சிறை வந்தது.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு தெரியுமா?"

"தெரியும்ணே."

"எப்பலேர்ந்து?"

"போன மனுவுக்கு முன்னாடியே."

சம்மதம்தானா என்று சார்பதிவாளர் கேட்டார். வீட்டுக்காரர் இல்லை என்று சொன்னால் அதுவரை போட்ட கையெழுத்துக்கு மதிப்பில்லை. அண்ணி தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"முன்னால ஊட்டு ஆளு, பின்னால ஜெயிலு ஆளு. சரி, எடுங்க சார்," என்று இடது கையை நீட்டினார்.

ரேகை வைத்ததும் கட்டை விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். அண்ணியிடம் வக்கீலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். என்னிடம் பேசவில்லை.

ஐப்பசியில் வீட்டுக்காரருக்கு ஜாமீன் கிடைத்தது. பஸ்ஸுக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போகிறார். நான் வாசலில் நின்றால் எதிர்ப்பக்கம் குடோன் சுவரைப் பார்த்தபடி நடப்பார். நானும் கூப்பிடுவதில்லை. அந்த வீட்டில்தான் இருக்கிறோம்.