ஒரே மணிக்கு இரண்டு வகுப்பு

கணிதமும் பௌதிகமும் சேர்த்துப் படிக்கும் இணைப் பட்டத்துக்கு எங்கள் ஆண்டில் இரண்டே பேர்தான். குருக்கள்மடத்திலிருந்து போன நானும், ஏறாவூர்த் தோழி ஒருத்தியும். இரண்டு பேருக்காக யார் மெனக்கெடுவார்கள்? இரண்டாம் ஆண்டு நேரசூசியை அறிவித்தல் பலகையில் ஒட்டிய அன்று பார்த்தால், செவ்வாய் காலையில் கணிதத்துறையின் விரிவுரையும் பௌதிகத்துறையின் செய்முறை வகுப்பும் ஒரே மணிக்கு. இரண்டுமே கட்டாயம்.

கணிதத்துறைத் தலைவரிடம் போனோம். "அத பௌதிகம்தான் மாத்தோணும். அங்க கேளுங்க" என்றார். பௌதிகத்துறைத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "கொஞ்சம் பொறுங்க புள்ளைகள், பாப்பம்" என்றார். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் இருந்தது ஒரு மணல்வெளியும் சில வேப்பமரங்களும்தான். அதைக் கடந்துபோய் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேச அந்தப் பெரிய மனிதர்களுக்கு ஒரு வருடமாக நேரம் கிடைக்கவில்லை. செருப்புக்குள் மணல் ஏற ஏற அங்குமிங்கும் ஓடியது நாங்கள்தான்.

வேறு வழியில்லாமல் பங்கு போட்டுக்கொண்டோம். ஒரு வாரம் நான் விரிவுரைக்கு, அவள் ஆய்வுகூடத்துக்கு. மறுவாரம் மாறிப் போவோம். மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக் கொடுப்போம். நான் தேற்றத்தைத் தொடங்கினால் அவளுக்குக் கொட்டாவி வரும். அவளுக்கு உயிர் பௌதிகத்தில். பார்சலில் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை விரல்களில் மாட்டி இழுத்துச் சுண்டுவாள். "கேளுகா, இழுக்க இழுக்க சத்தம் ஏறுது. சமன்பாடு சொன்ன மாதிரியே!" என்று சிரிப்பாள். தேற்றங்களை நான் நேசித்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் அந்த ரப்பர் வளையத்தைப் பார்த்த பார்வையோடு ஒப்பிட்டால் என்னுடையது ஒன்றுமில்லை.

இடைப் பரீட்சைப் புள்ளிகள் வந்தபோது மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வகையீட்டைப் பின்னம்போல் வெட்டிச் சுருக்கியதற்குக் கணிதத்தில் புள்ளியை வெட்டினார்கள். 'இது பௌதிகமல்ல' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஒரு தொடர் ஒருங்குகிறது என்று நிறுவிவிட்டு மேலே போனதற்குப் பௌதிகத்திலும் வெட்டினார்கள். 'இது கணிதமல்ல' என்று அங்கே எழுதியிருந்தது. இணைப் பட்டம் என்று பெயர் வைத்தவர்கள் இணைக்கும் வேலையை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. அந்த இரண்டு தாள்களையும் கிழித்தெறிய வேண்டும் போலிருந்தது.

ஆண்டு முடிவில் அறிவித்தல் வந்தது. செய்முறை வகுப்புக்கு எங்கள் இருவரின் வரவும் போதாது, பௌதிகப் பரீட்சை எழுத முடியாது. ஒன்றில், அடுத்த வருடம் திரும்பப் படிக்க வேண்டும். அல்லது பௌதிகத்தை விட்டுவிட்டுத் தனிக் கணிதத்துக்கு மாற வேண்டும்.

நான் திரும்பப் படிக்கிறேன் என்றேன். அவளால் முடியவில்லை.

"நான் படிச்சு முடிக்கிற வருசம் வாப்பா கட்டார் வேலைய விட்டுட்டு வாறன் என்டிரிக்கார். இன்னும் ஒரு வருசம் நில்லுங்க என்டு எந்த வாயால சொல்ற?" என்றாள். பௌதிகத்தில் உயிரை வைத்திருந்தவள் கணிதத்துக்கு மாறிப் போனாள். நான் அவளைத் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன உரிமை?

புதிய ஆண்டின் நேரசூசியிலும் அதே செவ்வாய், அதே மணி. எனக்கு உச்சி கொதித்தது. துறைகளில் தலைவர்கள் இல்லை, தேநீருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நேரே சிற்றுண்டிச்சாலைக்குப் போனேன். தலைவர்கள் இருவரும் ஒரே மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வணக்கம்கூடச் சொல்லாமல் நேரசூசியை இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

"ரெண்டு பேரும் இங்கதான் இரிக்கீங்க. இப்ப சொல்லுங்க சேர், நான் எந்த வகுப்புக்குப் போற?"

கணிதத்துறைத் தலைவர் தாளைப் பார்த்தார். "புதன் காலையில உங்கட ஆய்வுகூடம் சும்மாதானே கிடக்கு?"

"ஓம், கிடக்கு."

"அப்ப இந்தப் புள்ளைக்குப் புதன்ல போடுங்களன்."

"போடலாம்."

அவ்வளவுதான். தேநீர்கூட ஆறியிருக்கவில்லை. ஒரு வருடமாக மலைபோல் நின்றது இதுதான். என் வாயில் அப்போது வந்ததைச் சொல்லியிருந்தால் பல்கலைக்கழகத்தை விட்டே அனுப்பியிருப்பார்கள்.

முதல் புதன்கிழமை, இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை அளக்கும் பரிசோதனை. ஒருவர் பாரம் ஏற்ற, மற்றவர் சத்தத்தைக் கேட்க வேண்டும். நான் பாரத்தை ஏற்றிவிட்டு ஓடிவந்து கம்பியில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். பௌதிகத்துறைத் தலைவர் கதவடியில் வந்து நின்றார். முகத்தில் பெருமை.

"பாத்தீங்களா, எல்லாம் சரியாப் போச்சு. மத்தப் புள்ள எங்க? ரெண்டு பேர்தானே இருந்தீங்க?"

"அவள் பௌதிகத்த விட்டுட்டாள் சேர். செவ்வாய்க்கிழமையாலதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடடா. எங்களிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னம் சேர்" என்றேன். "ஒரு வருசமாச் சொன்னம்."